கைவிட்ட கல்குவாரியில் லாவாவைப் படிப்பது: தக்காணத்துக் களப்பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனே நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறினால் எங்காவது ஓரிடத்தில் மலையின் விலா அறுபட்டுக் கிடக்கும். கல் எடுத்து முடிந்ததும் அப்படியே விட்டுப் போன குவாரி. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், பையன்கள் கல்லெறிந்து விளையாடுவார்கள். அந்தச் சுவரில் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய லாவா உறைந்து நிற்கிறது. இப்படிப்பட்ட குவாரிகளில் நோட்டும் சுத்தியலுமாகப் பல ஆண்டுகள் சுற்றியிருக்கிறேன். மாணவர்களும் மலையேறும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மலையிலேயே பாறை தெரிகிறதே, குவாரிக்கு எதற்குப் போக வேண்டும்?

மலையில் தெரிவது பாதிதான். லாவா ஓட்டத்தின், அதாவது ஒருமுறை வழிந்து உறைந்த படலத்தின், நடுப்பகுதி கெட்டியானது, அது செங்குத்தாக நிற்கும். மேல்பகுதியில் காற்றுக்குமிழி விட்ட துளைகள் நிறைய இருப்பதால் அது சீக்கிரம் மக்கிச் சரிந்துவிடும். அதன் மேல் மண் சேர்ந்து புல் முளைத்துவிடும். ஓர் ஓட்டம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்பதைத்தான் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எல்லை சரியாக அந்தப் புல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். குவாரிக்காரர் அதை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்.

வேலை நடக்கும் குவாரியைவிடக் கைவிட்ட குவாரியே எனக்குப் பிடிக்கும். வேலை நடக்குமிடத்தில் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூசி அப்பியிருக்கும். லாரியும் வெடியும் நிற்க விடாது. இன்று படம் வரைந்த சுவர் அடுத்த மாதம் ஜல்லியாகிவிடும். விட்டுப் போன குவாரியைச் சில பருவமழைகள் கழுவியிருக்கும். கெட்டியான பகுதி புடைத்தும் மென்மையான பகுதி உள்வாங்கியும் நிற்பதால், முன்பு கண்ணுக்குப் படாத கோடுகள் தெளியும். ரொம்ப நாள் ஆகிவிட்டாலும் பயனில்லை, பாசியும் அத்திச் செடியும் சுவரை மூடிவிடும்.

இந்த லாவாப் பரப்பை ‘தக்காண டிராப்’ என்கிறார்களே, டிராப் என்றால் பொறியா?

இல்லை. ஸ்வீடிய மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேலே சொன்ன கெட்டி, மென்மை, கெட்டி, மென்மை என்ற அடுக்குதான் மலைச்சரிவைப் படிக்கட்டாகச் செதுக்கியிருக்கிறது. மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் போர்காட் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் படி படியாகத் தெரியும்.

எவ்வளவு பெரியது இது?

இன்று எஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியும் குஜராத், மத்தியப் பிரதேசம், வட கர்நாடகம் ஆகியவற்றின் பல பகுதிகளும் இதில் அடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அடுக்குகளின் மொத்தத் தடிமன் 2 கிலோமீட்டருக்கு மேல். மகாராஷ்டிரத்தின் உயர்ந்த சிகரமான 1,646 மீட்டர் கள்சுபாய் அடி முதல் நுனி வரை லாவாதான். அஜந்தா, எல்லோரா, கார்லா, எலிஃபண்டா குகைகள் எல்லாமே இந்த உறைந்த லாவாவில் குடைந்தவை. புனே நகருக்கு நடுவிலுள்ள பாதாளேஸ்வரர் குகைக் கோயிலும் அப்படித்தான்.

தமிழ்நாட்டுக் கருங்கல் குவாரிகளிலும் இதே பாறையா?

இல்லை. நம் ஊரில் ‘கருங்கல்’ என்ற ஒரே சொல் பல பாறைகளுக்கு வழங்குவதால் வரும் குழப்பம் இது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் உள்ள கல் சார்னோகைட். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது, வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்தான் போனது, பாறைக்குப் பெயரும் அவரிடமிருந்தே வந்தது. தக்காணத்துக் கல் பசால்ட். நிலத்தின் மேலே வழிந்து, திறந்த வானத்தின் கீழ் ஆறியது. மராத்தியில் அதைக் காளா தகட், கறுப்புக் கல், என்பார்கள். அது மக்கி உதிர்ந்தால் முரூம்.

குவாரிச் சுவர் முன் போய் நின்றதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சுத்தியலைப் பையிலேயே வையுங்கள். சுவரின் முழு அகலமும் பார்வைக்குள் வரும் தூரத்துக்குப் பின்னே நகர்ந்து, உட்கார்ந்து, பென்சிலால் வரையுங்கள். போட்டோ எடுப்பது வேறு, வரைவது வேறு. போட்டோவில் எல்லாம் விழும், ஆனால் எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ‘இது என்ன?’ என்று உங்களையே கேட்டாக வேண்டியிருக்கும். அரைமணி நேரம் ஆகும், ஆகட்டும்.

புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. நானும் செய்திருக்கிறேன். கல் எடுப்பவர்கள் மலையைப் படி படியாக இறக்குவார்கள். அந்தப் படிகளை லாவா ஓட்டங்களின் எல்லையாக எடுத்துக்கொள்வது எளிது. என் முதல் குவாரியில் மூன்று ஓட்டங்கள் என்று குறித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை போய்க் கிட்டே நின்று பார்த்தபோது, நடுவில் இருந்த ‘எல்லை’யின் மேலும் கீழும் ஒரே கெட்டிக்கல், ஒரே வெடிப்பு இடைவிடாமல் இரண்டையும் ஊடுருவிப் போகிறது. அது மனிதன் வெட்டிய படி. உண்மையான எல்லை அதற்கு நாலு மீட்டர் மேலே, கால் வைத்து ஏற முடியாத இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கோட்டையும் எல்லை என்று எழுதுவதற்கு முன் அதன் கீழே குமிழித் துளைகள் பெருகுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஓர் ஓட்டத்தின் அடி, நடு, மேல் என்று எப்படிப் பிரித்தறிவது?

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலிருந்து வருவோம். ஓடிவந்த லாவாவின் மேற்புறம் காற்றுப் பட்டு முதலில் உறைகிறது. உள்ளேயிருந்து மேலே எழும் வாயுக்குமிழிகள் அந்த ஓட்டில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் மேல் ஓடு முழுக்கத் துளை. உச்சியில் கடுகு அளவில் நெருக்கமாக இருக்கும் துளைகள், கீழே போகப் போகப் பெரிதாகி எண்ணிக்கையில் குறையும். சில சுவர்களில் இந்தத் துளைகள் கிடைவரிசையாகப் பட்டை பட்டையாக நிற்கும்.

நடுப்பகுதி துளையில்லாத கெட்டிக்கல். குவாரிக்காரர் தேடி வந்தது இதைத்தான். நெடுக்குவாட்டில் வெடிப்புகள் ஓடும். சில இடங்களில், உறைந்துகொண்டிருந்த கல்லுக்குள் கடைசியாக மேலேறிய வாயு, கை தடிமனில் நிமிர்ந்த உருளை வடிவத் தடங்களாகத் துளைகளை விட்டுப் போயிருக்கும்.

அடிப்பகுதி மெல்லியது, பலர் தவறவிடுவது. குனிந்து, முடிந்தால் மண்டியிட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் அடித்தளத்திலிருந்து பென்சில் தடிமனில் வரிசையாகக் குழாய்கள் மேலெழும். ஒரு சாண் நீளம் இருந்தாலே அதிகம். உள்ளே பெரும்பாலும் வெள்ளைக் கனிமம் அடைத்திருக்கும், அதனால் கறுப்புக் கல்லில் சுண்ணாம்புக் குச்சிகளைச் சொருகி வைத்தது போலத் தெரியும். சில குழாய்கள் மேலே போகையில் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். குமிழி எழுந்துகொண்டிருந்தபோது மேலிருந்த குழம்பு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது என்பதன் சாட்சி அது. பல குழாய்களின் வளைவை அளந்தால் அந்த இடத்தில் லாவா எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்ல முடியும். முதன்முதலில் அப்படி வளைந்த ஒரு குழாயின் மேல் விரலை வைத்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் எனக்குக் குறையவில்லை.

பஹோயிஹோய், ஆ-ஆ என்கிறார்களே?

இரண்டும் ஹவாய் மொழிச் சொற்கள். பஹோயிஹோய் என்பது மிருதுவான தோலோடு, சிறு சிறு கால்விரல்களாக உப்பிப் பிதுங்கி நகரும் லாவா. ஆ-ஆ உடைந்த சல்லிகளைச் சுமந்து உருண்டு வருவது. குவாரிச் சுவரில் பிரித்தறிய ஒரு நல்ல வழி, உடைசல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. மேலும் கீழும் உடைசல் இருந்தால் ஆ-ஆ. மேலே மட்டும் உடைசல், அடி மிருதுவாக இருந்தால் அது இடைப்பட்ட வகை, உடைசல் பஹோயிஹோய். எங்குமே உடைசல் இல்லாமல் தலையணைகளை அடுக்கியது போல வளைந்த மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால், அது பல மடல்கள் சேர்ந்த கூட்டு ஓட்டம். ஒவ்வொரு மடலையும் தனி ஓட்டமாக எண்ணிவிடாதீர்கள். அவை ஒரே வெடிப்பின்போது அடுத்தடுத்துப் பிதுங்கியவையாக இருக்கலாம்.

ஓர் ஓட்டம் உருவாக எவ்வளவு காலம் ஆனது என்று குவாரியிலேயே கணக்கிட முடியுமா?

தோராயமாக முடியும். லாவாவின் மேல் ஓடு எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதை ஹவாயின் கிலாவியா எரிமலையில் நேரில் அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த சூத்திரம் 1994-இல் வெளியானது: மேல் ஓட்டின் தடிமனை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 164.8 ஆல் பெருக்கினால் மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும்.

ஒரு மீட்டர் ஓட்டுக்கு 165 மணி, அதாவது ஏழு நாள். 5 மீட்டர் என்றால் 4,120 மணி, ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டர் என்றால் 16,480 மணி, ஏறக்குறைய இரண்டு ஆண்டு. தடிமன் இரட்டித்தால் காலம் நாலு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். ஓட்டின் அடியில் புதிய குழம்பு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மொத்த ஓட்டமும் உள்ளிருந்து உப்பும். சுவரில் துளை நிறைந்த மேல் ஓட்டின் தடிமனை டேப் வைத்து அளந்தால், அந்த உப்பல் குறைந்தது எத்தனை நாள் நடந்தது என்ற மதிப்பீடு கையில் வந்துவிடும். ஹவாயின் மழையும் காற்றும் அன்றைய தக்காணத்துக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை, எனவே இதை மதிப்பீடாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரளயம் போல ஒரே நாளில் கொட்டியது என்று நினைத்து வருபவர்களுக்கு, மாதக்கணக்கில் நிதானமாக ஊறி வளர்ந்த லாவாவை இந்தச் சின்னக் கணக்கு காட்டிவிடுகிறது.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை தெரிகிறதே, அது என்ன?

‘ரெட் போல்’ (red bole) என்று புவியியலாளர்கள் சொல்லும் செம்மண் அடுக்கு அதுதான். முந்தைய ஓட்டம் ஆறி, அதன் மேல் எரிமலைச் சாம்பலோ மக்கிய மண்ணோ படிந்து, பிறகு அடுத்த ஓட்டம் வந்து அதைச் சுட்டுவிட்டது. சில இடத்தில் விரற்கடை அளவு, சில இடத்தில் ஒரு மீட்டரையும் தாண்டும். ஈரமான விரலால் தடவினால் குங்குமம் போல ஒட்டும். எல்லா எல்லையிலும் இது இருக்காது. இருக்குமிடத்தில், அடுத்த லாவா வருமுன் நிலம் சிறிது காலம் சும்மா கிடந்தது என்று பொருள்.

இந்தச் செம்மண்ணைத் தூசு என்று தட்டிவிடாதீர்கள். பசால்ட்டில் சிர்கான் படிகம் அரிது. ஆனால் இத்தகைய இடைப்படிவுகளில் சாம்பலோடு வந்து விழுந்த சிர்கான்கள் கிடைக்கின்றன, அவற்றின் யுரேனியம், ஈயம் விகிதத்தைக் கொண்டு வயதைத் துல்லியமாகச் சொல்லலாம். டைனோசர்கள் அழிந்த காலத்தோடு தக்காண வெடிப்புகள் எப்படிப் பொருந்துகின்றன என்று நெடுநாளாக நடக்கும் விவாதத்தில் 2015 முதல் இந்த வயதுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நீங்களே மாதிரி எடுக்காவிட்டாலும், பட்டை எந்த உயரத்தில், எவ்வளவு தடிமனில், எவ்வளவு தூரம் தொடர்கிறது என்று குறித்து வையுங்கள்.

அறுகோணத் தூண்கள் எப்படி வந்தன?

ஆறும்போது கல் சுருங்குகிறது, சுருங்கும்போது வெடிக்கிறது. வெடிப்பு, குளிரும் முகத்துக்குச் செங்குத்தாக உள்ளே இறங்குகிறது. ஆகவே கிடையான ஓட்டத்தில் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். மும்பை அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்று இதற்குக் கண்கூடான உதாரணம். குவாரிச் சுவரில் தூண்கள் படுத்த நிலையில், விறகு அடுக்கியது போலத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஓட்டம் அல்ல. மற்ற ஓட்டங்களை வெட்டிக்கொண்டு நிமிர்ந்து ஏறிய டைக் அது. அதன் குளிர்ந்த முகங்கள் இரு பக்கமும் இருந்ததால் தூண்கள் கிடையாக வந்தன.

வெடி வைத்ததால் வந்த விரிசலா, இயற்கையான விரிசலா?

விரிசலின் உள்முகத்தைப் பாருங்கள். பழைய விரிசலில் துருப்பழுப்போ பச்சை நிறத் தோலோ வெள்ளைக் கனிமமோ படிந்திருக்கும். வெடி விரிசல் பச்சைக் காயம் போல, கரிய புதுக்கல்லாக இருக்கும். துளைபோட்ட இடத்தில் அரைக்குழாய் வடிவத் தடம் சுவரில் நீளமாக நிற்கும், அதிலிருந்து விசிறி போலப் பிரியும் விரிசல்கள் எல்லாம் வெடியின் வேலை.

துளைகளுக்குள் மின்னும் படிகங்களை எடுத்துப் போகலாமா?

அவை பெரும்பாலும் சியோலைட் வகைகள். லாவா உறைந்து நெடுங்காலத்துக்குப் பிறகு வெந்நீர் ஊடுருவி, கரைத்த பொருளைக் காலித் துளைகளில் படியவைத்தது. மயில்தோகைக் கட்டு போல விரியும் ஸ்டில்பைட், ஊசி ஊசியான ஸ்கோலெசைட், கண்ணாடிப் பட்டையான ஹியூலண்டைட் எல்லாம் புனே வட்டாரத்தில் உண்டு. கூடவே சியோலைட் அல்லாத அபோஃபிலைட்டும் வரும். புனேக்குக் கிழக்கே வாகோலிக் குவாரிகளில் கிடைக்கும் கேவன்சைட்டின் நீலத்தை வேறெந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. உலக அருங்காட்சியகங்களில் உள்ள நல்ல கேவன்சைட்டுகளில் பெரும்பங்கு அங்கிருந்து போனவை.

கீழே உதிர்ந்து கிடப்பதில் ஒன்றிரண்டு எடுப்பதைப் பற்றி நில உரிமையாளரிடம் கேளுங்கள். சுவரில் இருப்பதைப் பெயர்க்காதீர்கள் என்பதே என் கருத்து. எந்த ஓட்டத்தின் எந்த மட்டத்தில் எந்தப் படிகம் இருந்தது என்பதுதான் அறிவியல். பெயர்த்துவிட்டால் அது அலங்காரப் பொருள்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஹெல்மெட், கண்ணாடி, கெட்டியான காலணி. பத்து மடங்கு லென்ஸ், டேப், சாய்வுமானியோடு கூடிய திசைகாட்டி, ஜிபிஎஸ் (போனில் உள்ளதே போதும்), பென்சில், நீர்புகா நோட்டு. போட்டோவில் அளவு தெரிய ஒரு கோல். மனிதரை நிற்கவைப்பதென்றால் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

திசைகாட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பசால்ட்டில் காந்த இரும்புத் தாது உண்டு, குன்றின் உச்சியில் மின்னல் விழுந்த இடமென்றால் முள் நன்றாகவே விலகும். பாறையின் பழைய காந்தத் திசையை அளக்க மாதிரி எடுப்பவர்கள் இதனால்தான் சூரியனின் நிழலை வைத்தும் திசை குறிக்கிறார்கள். அந்த அளவீடுகளின் பலன் சிறியதல்ல. தக்காண லாவாவின் பெரும்பகுதி, பூமியின் காந்தப்புலம் தலைகீழாக இருந்த ஒரே காலகட்டத்துக்குள் வந்தது என்று தெரிந்தது அப்படித்தான்.

ஆய்வகத்துக்கு எந்தத் துண்டை எடுப்பது?

துளையில்லாத நடுக்கல்லில், பழுப்புத் தோலை முழுக்க உடைத்து எறிந்த பிறகு கிடைக்கும் கறுப்புக் கல். முஷ்டி அளவு. டைட்டானியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றின் அளவைக் கொண்டு ஓட்டங்கள் அம்பேனளி, போலாத்பூர், புஷே என்ற அடுக்குத் தொகுதிகளில் எதைச் சேர்ந்தவை என்று அடையாளம் காண்கிறார்கள். வெறும் கண்ணுக்கு இவற்றில் பல ஒரே கறுப்புதான். துளைக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருந்தாலும் எண்கள் கெட்டுவிடும்.

ஆபத்து என்னென்ன?

முதல் ஆபத்து தலைக்கு மேலே. வெடி தளர்த்திய கல் எந்த நேரமும் விழும், மழைக்குப் பிறகு இன்னும் அதிகமாக. சுவரின் நேர் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். இரண்டாவது தண்ணீர். குவாரிக் குட்டைக்குக் கரை கிடையாது, ஓரத்திலிருந்து ஓரடி வைத்தால் பல ஆள் ஆழம், வழுக்கும் சுவரில் பிடித்தேற ஒன்றும் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். மூன்றாவது, செங்குத்துச் சுவரில் கூடு கட்டும் மலைத்தேனீ. சுத்தியல் ஓசைக்குக் கலையும். துளையில் கம்பியோ திரியோ தெரிந்தால் தொடாமல் விலகி வந்து உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். கைவிட்டது என்றாலும் நிலம் யாருக்கோ சொந்தம், சில வனத்துறை எல்லைக்குள் இருக்கும். அனுமதி கேட்டுவிட்டுப் போனால் காவலாளியே எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லித் தருவார்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி. காலையில் கிழக்குப் பார்த்த சுவர், மாலையில் மேற்குப் பார்த்த சுவர். சாய்ந்த வெயிலில்தான் துளையின் விளிம்பு நிழல் காட்டும்.

நான் புவியியல் படித்தவன் இல்லை. என் குறிப்பால் யாருக்காவது பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. இந்தக் குவாரிகள் வேகமாக மறைகின்றன. கட்டட இடிபாடு கொட்டி நிரப்புகிறார்கள், மேலே வீடு எழுகிறது. நான் மூன்று நாள் உட்கார்ந்து அளந்த ஒரு சுவரின் அடிப்பாகம், குழாய் வரிசை இருந்த அந்த ஒரு சாண் உட்பட, இன்று உடைந்த டைல்ஸுக்கும் சிமென்ட் கட்டிக்கும் கீழே இருக்கிறது. மிச்சம் என் நோட்டில் உள்ள படம் மட்டும். எனவே சுவரை நேர் எதிரில் நின்று, இடமிருந்து வலமாக, பாதி பாதி மேற்பொருந்தும்படி வரிசையாகப் படமெடுங்கள். அளவுகோலும் தேதியும் ஜிபிஎஸ் எண்ணும் சேர்த்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்குக் கொடுங்கள். அந்தப் படங்களிலிருந்து சுவரின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் மீட்டெடுக்க முடியும்.

சென்னையிலிருந்து போய் வர அருகில் ஏதாவது?

ராஜமுந்திரி. கோதாவரிக் கரையில், தக்காணத்தின் முக்கியப் பரப்பிலிருந்து வெகுதூரம் விலகி, ஒரு சிறு திட்டாக அதே காலத்து லாவா இருக்கிறது. பல புவியியலாளர்களின் கருத்துப்படி அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடிவந்தது. கெளரிபட்டணம், காட்டேரு, துத்துகூரு குவாரிகளில் கீழ் லாவாவுக்கும் மேல் லாவாவுக்கும் இடையே கடலும் கழிமுகமும் விட்டுப்போன படிவும், அதில் சிப்பிகளும் உண்டு. அந்தப் படிவிலிருந்த நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் டைனோசர்கள் மறைந்த உடனடுத்த காலத்தவை. ஆகவே கீழே கை வைத்தால் ஒரு யுகம், ஒரு சில மீட்டர் மேலே இன்னொன்று. அந்த வட்டாரத்தில் வேலை நடக்கும் குவாரிகளும் இருப்பதால் முதல் நாளே மேலாளரைப் பார்த்து, வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.